ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சா? ரிப்பேர் பண்ணலாமா, புதுசு வாங்கலாமா? ஒரே கேள்விக்கு நெய்வேலியில் மூன்று பதில்!

ஏப்ரல், மே மாத நெய்வேலி வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வெயிலில்தான் பத்து வருஷமா ஒழுங்கா ஓடின ஃப்ரிட்ஜ் ஒருநாள் நின்றுபோகும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் போயிடுச்சுங்க, கேஸோட சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்பார்.

உடனே வீட்டுக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும். "இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாமே" என்பது ஒரு கட்சி. "நல்லா ஓடுன பொருளை ஏன் தூக்கிப் போடணும்?" என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியுமே ரிப்பேர் பில்லை மட்டும்தான் பார்க்கிறது. அந்தப் பொருள் இன்னும் எத்தனை வருஷம் ஓடும், வருஷத்துக்கு எவ்வளவு கரண்ட் குடிக்கும், உங்க வீட்டுக்கு ஒரு யூனிட் என்ன விலை? இந்த மூன்றையும் சேர்த்தால்தான் உண்மையான செலவு தெரியும். அப்படிச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரே ஃப்ரிட்ஜுக்கு நெய்வேலியில் ஒரு தெருவில் "ரிப்பேர் பண்ணுங்க" என்றும், அடுத்த தெருவில் "மாத்திடுங்க" என்றும் பதில் வருகிறது. எப்படி என்று பார்க்கலாம்.

'பாதி விலை' விதி போதுமா?

ரிப்பேர் செலவு புதுப் பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் வேண்டாம் என்று ஒரு பொது விதி உண்டு. அவசரத்துக்கு இது உதவும். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, வயது. 3 வருஷம் ஆன வாஷிங் மெஷினுக்கு 5,000 ரூபாய் செலவு செய்வதும், 12 வருஷம் ஆனதுக்கு அதே 5,000 ரூபாய் செலவு செய்வதும் ஒன்றல்ல. இரண்டாவது, மின்சாரம். மிக்ஸி ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் ஓடுகிறது. ஃப்ரிட்ஜ் 24 மணி நேரமும் இணைப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே விதி போட முடியாது.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: இந்தப் பொருளை வைத்திருக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?

கணக்கு போடுவது எப்படி?

கையில் இருந்து போடும் பணத்தை, அது ஓடப்போகும் வருஷங்களால் வகுங்கள். அதோடு வருஷ மின்செலவைக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கான கணக்கு. உங்க வீட்டு எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃப்ரிட்ஜ்: ரிப்பேர் 6,500 ரூபாய். அதற்குப் பிறகு 4 வருஷம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,625 ரூபாய். மின்சாரம் வருஷத்துக்கு 350 யூனிட்.

புது ஃப்ரிட்ஜ்: விலை 20,000 ரூபாய். 10 வருஷம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2,000 ரூபாய். மின்சாரம் 200 யூனிட்.

இப்போது யூனிட் விலையை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

• யூனிட் 1 ரூபாய் என்றால்: பழையது 1,975 ரூபாய், புதுசு 2,200 ரூபாய். ரிப்பேர்தான் லாபம்.

• யூனிட் 5 ரூபாய் என்றால்: பழையது 3,375 ரூபாய், புதுசு 3,000 ரூபாய். புதுசு லாபம், ஆனால் வித்தியாசம் கொஞ்சம்தான்.

• யூனிட் 9 ரூபாய் என்றால்: பழையது 4,775 ரூபாய், புதுசு 3,800 ரூபாய். வருஷத்துக்கு 975 ரூபாய் மிச்சம். தயங்காமல் மாற்றலாம்.

ஃப்ரிட்ஜ் அதே ஃப்ரிட்ஜ். மெக்கானிக் சொன்ன தொகையும் அதேதான். பதில் மட்டும் மாறிவிட்டது.

நெய்வேலியில் இது ஏன் முக்கியம்?

டவுன்ஷிப் வட்டங்களில் உள்ள குவார்ட்டர்ஸ்களுக்கு வீடு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் என்எல்சி-யின் நகர நிர்வாகம் வழியாக வருகின்றன. டவுன்ஷிப் எல்லையைத் தாண்டி இந்திரா நகர், மந்தாரக்குப்பம் பக்கம் வந்தால் மின்வாரியத்தின் மீட்டர். அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும் கட்டணம்.

இந்தப் படிக்கட்டில் கவனிக்க வேண்டிய இடம் 500 யூனிட். அதற்குள் இருக்கும்வரை நடுப்படிகளில் ஒரு யூனிட் 5 ரூபாயை ஒட்டி இருக்கும். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல் போகிறது. அதோடு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகிறது.

பழைய ஃப்ரிட்ஜ் கூடுதலாக இழுக்கும் யூனிட்டுகள் உங்க பில்லில் கடைசிப் படியில்தான் போய் உட்காரும். ஆகவே கணக்குப் போடும்போது சராசரி விலையை எடுக்காதீர்கள். உங்க பில்லின் கடைசி யூனிட் என்ன விலையோ அதை எடுங்கள். கோடையில் ஏசி ஓடும் வீட்டில் அது 9 ரூபாயாக இருக்கலாம். மின்விசிறியும் டிவியும் மட்டும் உள்ள சின்ன வீட்டில் அதில் பாதிகூட வராது. குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் தங்களுக்குப் பிடித்தம் செய்யப்படும் விலையைப் போட வேண்டும்.

எத்தனை யூனிட் ஓடுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

புது ஃப்ரிட்ஜில் சுலபம். எரிசக்தி திறன் பணியகத்தின் (பிஇஇ) ஸ்டார் லேபிளிலேயே வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், அந்த யூனிட் எண்ணையும் லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது கடினமாக்குகிறார்கள். அதனால் 2014-ல் வாங்கிய 5 ஸ்டாரும் இன்றைய 5 ஸ்டாரும் ஒன்றல்ல.

பழைய ஃப்ரிட்ஜ் நின்றுபோகும் முன்பே, ஓடும்போதே அளந்து வைப்பது நல்லது. வெளியூர் கிளம்பும்போது ஃப்ரிட்ஜைத் தவிர மற்ற எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டரை மொபைலில் படம் எடுங்கள். திரும்பி வந்ததும் இன்னொரு படம். வித்தியாசத்தை நாட்களால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் வருஷக் கணக்கு கிடைக்கும். கதவு திறக்காத நாட்கள் என்பதால் உண்மையான பயன்பாடு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பிளக்கில் மாட்டி அளக்கும் சின்ன மீட்டர்களும் கடைகளில் கிடைக்கின்றன.

இந்த ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் புரியும். நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ எரிக்க வேண்டியிருக்கிறது. வருஷத்துக்கு 150 யூனிட் வீணானால், சுரங்கத்தில் வெட்டியெடுத்த 150 கிலோ நிலக்கரி வீண்.

இதே கணக்கைப் போட்ட ஒரு பெரிய இயந்திரம்

ரிப்பேரா, புதுசா என்ற கேள்வி வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. சோவியத் யூனியன் உதவியோடு கட்டப்பட்ட நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. படிப்படியாக 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்தது. வயதானதும் அதை உடனே மூடிவிடவில்லை. 1990-களில் ஆயுள் நீட்டிப்புப் பணிகள் செய்து மேலும் பல வருஷம் ஓட்டினார்கள்.

கடைசியில் 2020-ல் அது மூடப்பட்டது. அதற்கு மாற்றாக வந்ததுதான் தலா 500 மெகாவாட் திறனுள்ள இரண்டு அலகுகள் கொண்ட நெய்வேலி புதிய அனல்மின் நிலையம். ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கப் பழையதைவிடக் குறைவான நிலக்கரியே இதற்குப் போதும்.

ஒரு கட்டம் வரை ரிப்பேர் லாபம். அதற்குப் பிறகு எரிபொருள் செலவே ரிப்பேரை நஷ்டமாக்கிவிடுகிறது. சமையலறை ஃப்ரிட்ஜுக்கும் இதே நியாயம்தான்.

முதலில், கெட்டுப்போனது எது?

கணக்கு போடும் முன் பழுது என்ன என்று சரியாகத் தெரிய வேண்டும். ஃப்ரிட்ஜில் பலர் பணத்தை இழப்பது இங்கேதான்.

லைட் எரிகிறது, பின்பக்கம் 'டிக்' என்று சத்தம் வருகிறது, ஆனால் கம்ப்ரஸர் ஓடவில்லை என்றால் ரிலே, ஓவர்லோடு புரொடக்டர் அல்லது கெபாசிட்டர் போயிருக்கலாம். வோல்டேஜ் குறைவாகவும் இருக்கலாம். இவை சின்னச் செலவுகள். கம்ப்ரஸரே போய்விட்டதாக முடிவு கட்டும் முன் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் மேலே ஃப்ரீசர் ஜில்லென்று இருக்கிறது, கீழே மட்டும் கூலிங் இல்லை என்றால் பெரும்பாலும் அது கேஸ் பிரச்சினை இல்லை. உள்ளே இருக்கும் ஃபேன் மோட்டார், ஐஸை உருக்கும் ஹீட்டர், சென்சார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்கேயும் கூலிங் இல்லை என்றால் கேஸ் லீக்காக இருக்கலாம். இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகாது. எங்கேயோ ஓட்டை இருந்தால்தான் குறையும். "கேஸ் கம்மியா இருக்கு, ஏத்திடலாம்" என்று மட்டும் சொன்னால், "எங்க லீக்? அதை அடைச்சீங்களா?" என்று கேளுங்கள். ஓட்டையை அடைக்காமல் ஏற்றிய கேஸ் சில மாதங்களில் மறுபடி வெளியே போய்விடும். ஏசிக்கும் இது பொருந்தும்.

ரிலே மாதிரியான சின்ன ரிப்பேருக்கு 1,200 ரூபாய் ஆகிறது, அதற்குப் பிறகு 3 வருஷம் ஓடுகிறது என்று வைத்து மேலே உள்ள கணக்கையே போடுங்கள். யூனிட் 9 ரூபாய் என்றாலும் பழையதுக்கு 3,550 ரூபாய், புதுசுக்கு 3,800 ரூபாய். ரிப்பேர்தான் லாபம். பழுது சின்னது என்றால் யூனிட் விலை எதுவாக இருந்தாலும் மாற்ற வேண்டிய அவசரம் இல்லை.

கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்தால் தடையில்லாமல் வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. பின்பக்கக் காயிலில் தூசு அப்பியிருந்தாலும் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். இந்த இரண்டையும் சரிசெய்தாலே சில வீடுகளில் கூலிங் திரும்பிவிடும்.

எந்தப் பொருளுக்கு என்ன முடிவு?

மிக்ஸி, கிரைண்டர்: பெரும்பாலும் ரிப்பேர்தான். 500 வாட் மிக்ஸி தினமும் கால் மணி நேரம் ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 45 யூனிட்தான். மின்சாரத்தைக் காட்டி மாற்ற ஒரு காரணமும் இல்லை. கார்பன் பிரஷ், கப்ளர், ஜார் புஷ், பிளேடு எல்லாம் தெருமுனைக் கடையிலேயே மாற்றக்கூடியவை. கிரைண்டரில் பெல்ட் மாற்றுவது, தேய்ந்த கல்லைக் கொத்துவது ஆகியவை புதுசு வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்த பொருள் இன்னும் உங்க வீட்டில் இருந்தால், மோட்டார் எரியாதவரை ஓட்டலாம். மோட்டார் காயில் எரிந்துவிட்டால் மட்டும் விலையை ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

மின்விசிறி: இது சுவாரஸ்யமான கேஸ். மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான். சில நிமிட வேலை, சின்னச் செலவு. ஆனால் பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி வகை சுமார் 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று கணக்கிட்டால் ஒரு மின்விசிறிக்கு 200 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்றால் 1,000 ரூபாய். 3,000 ரூபாய் கொடுத்து வாங்கினாலும் மூன்று வருஷத்தில் பணம் திரும்பிவிடும். யூனிட் 1 ரூபாய் என்றால் 15 வருஷம் ஆகும், அப்போது கெபாசிட்டர் மாற்றுவதே புத்திசாலித்தனம். இன்னொன்று: பிஎல்டிசி-யில் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. அது போனால் காயில் கட்டும் கடையில் வேலை நடக்காது. அதனால் வாரண்டி எத்தனை வருஷம் என்று பார்த்து வாங்குங்கள். 2023 ஜனவரியில் இருந்து சீலிங் ஃபேன்களுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம்.

வாஷிங் மெஷின்: குளிர்ந்த தண்ணீரில் துவைக்கும் வீடுகளில் மின்செலவு பெரிதாக இருக்காது. எனவே பெல்ட், தண்ணீர் உள்ளே வரும் வால்வு, வெளியேற்றும் மோட்டார் போன்றவற்றை ரிப்பேர் செய்யலாம். ட்ரம், பியரிங், மெயின் போர்டு என்று வந்தால் வயதைப் பாருங்கள். ஐந்து வருஷத்துக்குள் என்றால் ரிப்பேர். பத்தைத் தாண்டியிருந்தால் போர்டு கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி.

ஏசி: கெபாசிட்டர், ஃபேன் மோட்டார், சர்வீஸ் என்றால் ரிப்பேர். காயில் ஓட்டை, கம்ப்ரஸர் என்றால் உள்ளே என்ன கேஸ் என்று கேளுங்கள். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வகை. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2030-க்குள் அதன் பயன்பாட்டைப் படிப்படியாக நிறுத்த வேண்டும். அந்த கேஸ் ஓடும் பழைய ஏசிக்குப் பெரிய செலவு செய்வது பலன் தராது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால் புதுசு பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018-லேயே 18 சதவீதத்துக்கு வந்துவிட்டவை.

டிவி: படம் இல்லை, சத்தம் வருகிறது என்றால் பின்விளக்கு அல்லது பவர் போர்டாக இருக்கலாம். ரிப்பேர் செய்யலாம். திரை உடைந்துவிட்டால் புதுத் திரையின் விலையே புது டிவி விலைக்குப் பக்கத்தில் வரும். அங்கே ரிப்பேர் பெரும்பாலும் வேண்டாம்.

குவார்ட்டர்ஸை காலி பண்ணப் போறீங்களா?

என்எல்சி-யில் 60 வயதில் ஓய்வு. ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊருக்கோ வாடகை வீட்டுக்கோ போக வேண்டும். இதுவரை ஒரு யூனிட் விலையில் ஓடிய பொருட்கள் இனி மின்வாரியப் படிக்கட்டில் ஓடப் போகின்றன. சம்பளம் ஓய்வூதியமாக மாறும் அதே சமயத்தில் பில்லும் ஏறும்.

ஆகவே ஓய்வுக்கு ஓரிரு வருஷம் இருக்கும்போது பெரிய ரிப்பேர் வந்தால், இன்றைய யூனிட் விலையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். போகப்போகும் வீட்டின் விலையையும் போட்டுப் பாருங்கள். வேன் வாடகையும் ஏற்றி இறக்கும் கூலியும் பழைய பொருளின் கணக்கில் சேரும். ஃப்ரிட்ஜை நிமிர்த்தியே கொண்டு போங்கள். வழியில் சாய்க்க நேர்ந்திருந்தால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். இல்லையென்றால் நல்ல கம்ப்ரஸரும் கெட்டுப்போகலாம்.

மாதச் சம்பளம் குறைவு, கையில் பணம் இல்லை என்றால்?

ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கும், சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கும் கேள்வி வேறு. வருஷக் கணக்கில் புதுசு லாபம் என்று வந்தாலும் 20,000 ரூபாய் இன்று கையில் இல்லை. அப்போது கடையில் சொல்வது: "வட்டியில்லாத் தவணை இருக்கு சார்."

வட்டியே இல்லாத கடன் திட்டங்கள் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துகின்றன என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளை எச்சரித்து, அவற்றை நிறுத்தச் சொன்னது. எனவே கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள். "முழுப் பணம் இப்பவே கட்டினா என்ன விலை? தவணையில் எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்க கட்டும் வட்டி. அதைப் புது ஃப்ரிட்ஜின் விலையில் சேர்த்து மறுபடி வகுங்கள். யூனிட் 5 ரூபாய் உதாரணத்தில் புதுசின் லாபம் வருஷத்துக்கு 375 ரூபாய்தான். தவணையில் கூடுதலாக 4,000 ரூபாய் போனால் அந்த லாபம் முழுசா காலி.

அந்த நிலையில் ரிப்பேர் செய்து ஓட்டிக்கொண்டே மாதாமாதம் சேமித்து, அடுத்த பழுதுக்கு ரொக்கமாக வாங்குவது மோசமான வழி இல்லை.

பணம் கொடுக்கும் முன் வாரண்டி கார்டைப் பாருங்க

ஃப்ரிட்ஜ், ஏசி கம்ப்ரஸருக்கும் வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் பல நிறுவனங்கள் 10 வருஷம் வரை தனி வாரண்டி தருகின்றன. பொருளுக்கான ஒரு வருஷ வாரண்டி முடிந்ததும் கார்டைத் தூக்கிப் போட்டவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள். கம்ப்ரஸர் இலவசமாகக் கிடைத்தாலும் கேஸ், கூலி, போக்குவரத்து ஆகியவற்றுக்குப் பணம் கேட்பார்கள். அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை: எந்த பாகம் போயிருக்கிறது? மாற்றுவது கம்பெனி பாகமா, வேறா? அதற்கு எத்தனை மாதம் உத்தரவாதம்? பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? இதையெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் பின்னாடி எதையும் நிரூபிக்க முடியாது.

ரிப்பேர் செய்த பாகம் உடனே மறுபடி போய், கடைக்காரர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தீரவில்லை என்றால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும்.

உதிரி பாகமே கிடைக்கலைன்னா?

"அந்த மாடலுக்கு போர்டு வர்றது இல்லைங்க" என்ற பதிலைக் கேட்காத வீடு குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஃப்ரிட்ஜுக்குக் குறைந்தது 7 வருஷம், வாஷிங் மெஷினுக்கு 10 வருஷம் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் நாட்டில் வீட்டுச் சாதனங்களுக்கு இப்படி ஒரு சட்டக் கட்டாயம் இல்லை.

ஆனால் பேச்சு தொடங்கிவிட்டது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் 'ரிப்பேர் செய்யும் உரிமை' குறித்து ஒரு குழு அமைத்தது. வீட்டுச் சாதனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பர் 24-ம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, நிறுவனங்களின் சர்வீஸ், உதிரி பாகத் தகவல்களை ஒரே இடத்தில் தரும் இணையதளம் தொடங்கப்பட்டது. ஒரு பொருளை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மதிப்பெண் போடும் குறியீடு பற்றி இன்னொரு குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. ஸ்டார் லேபிள் மாதிரி ரிப்பேர் லேபிளும் வந்தால், வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். அதுவரை, வாங்கும் முன் "இதுக்கு இங்கே சர்வீஸ் யார் பண்றாங்க? பாகம் எத்தனை நாள்ல வரும்?" என்று கேட்பது உங்க வேலை.

மழையில் நனைஞ்ச பொருள்?

2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று கடலூர் மாவட்டம் பார்க்காத மழை இல்லை. தண்ணீர் ஏறிய ஃப்ரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ 'ஓடுதா பார்ப்போம்' என்று ஸ்விட்ச் போட்டுவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து, அதோடு காய்ந்திருந்தால் பிழைத்திருக்கும் மோட்டாரும் போர்டும் எரிந்துபோகும். நன்றாகக் காயவைத்து, மெக்கானிக் சோதித்த பிறகே இணைப்புக் கொடுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று படம் எடுத்து வைத்தால் காப்பீடு, நிவாரணம் கேட்கும்போது உதவும்.

பழசை என்ன செய்வது?

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது சுலபம், ஆனால் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். காயலான் கடையில் ஃப்ரிட்ஜின் செம்புக் குழாயை அப்படியே வெட்டினால் உள்ளே இருக்கும் கேஸ் காற்றில் கலக்கும். இன்றைய ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ தீப்பற்றக்கூடியது. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய பொருட்கள் முறையாக மறுசுழற்சி ஆவதற்குத் தயாரிப்பு நிறுவனங்கள் பொறுப்பேற்க வேண்டும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.

சுருக்கமாக: முடிவெடுக்கும் முன் 5 கேள்விகள்

1. எந்த பாகம் போயிருக்கு? அதுக்கு வாரண்டி மிச்சம் இருக்கா?

2. ரிப்பேர் பண்ணினா இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?

3. இந்தப் பொருள் நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடுது? நிமிஷக் கணக்கு என்றால் மின்செலவை மறந்துடுங்க. நாள் முழுக்க என்றால் அதுதான் பெரிய செலவு.

4. என் பில்லில் கடைசி யூனிட் என்ன விலை? அடுத்த சில வருஷத்தில் அது மாறப்போகுதா?

5. புதுசுக்கு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? அதை வருஷத்தால் வகுத்தா எவ்வளவு?

ஒரு தாளில் ஐந்து நிமிஷம் எழுதிப் பார்த்தால் போதும். மெக்கானிக் வாசலில் காத்திருக்கும்போதே முடிவு கிடைத்துவிடும்.